போனில் ஓட வேண்டியது எது, சர்வரில் ஓட வேண்டியது எது: செட்டிநாட்டுத் தளங்களில் கற்ற பாடங்கள்

"அறை அளவைப் போட்டா எத்தனை கல்லு வேணும், எவ்வளவு ஆகும்னு தளமே சரியாச் சொல்லணும் தம்பி. போன்ல வர்ற ஒவ்வொருத்தருக்கும் கணக்குப் போட்டுச் சொல்லியே பாதி நாள் போயிருது." ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டது இதுதான். காரைக்குடியில் இருந்துகொண்டு சுற்று வட்டாரத்துத் தொழில்களுக்கு வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் வலைத்தளம் செய்து கொடுப்பது என் வேலை. டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தானில் விருந்தினர் தங்கும் பழைய வீடு, பலகாரம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆச்சி, கண்டாங்கிச் சேலைக் கடை என்று பலதரப்பட்டவர்கள். கேட்பது வேறு வேறாக இருந்தாலும், எல்லா வேலையிலும் நான் முதலில் முடிவு செய்வது ஒன்றுதான்: இந்த வேலை வாடிக்கையாளரின் போனில் நடக்க வேண்டுமா, தளம் இருக்கும் கணினியான நம் சர்வரில் நடக்க வேண்டுமா?

தளத்துக்குப் புது வசதி சேர்க்கும் ஆயத்த நிரலான ப்ளகினைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நட்சத்திரம் எத்தனை, இலவசமா என்று பார்த்து நிறுவிவிடுகிறார்கள். பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி வேறு, சர்வரில் ஓடும் பிஹெச்பி என்ற நிரல்மொழி வேறு. இரண்டையும் ஒரே ப்ளகின் சுமந்து வரலாம். ஆனால் எந்தப் பகுதி எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் நிறுவினால், தளம் மெதுவாவதற்கும் ஆர்டர் தப்பாவதற்கும் காரணம் கண்டுபிடிக்கவே முடியாது.

டைல்ஸ் கணக்குக்கு வருவோம். தளத்தில் ஏற்கெனவே ஒரு கால்குலேட்டர் ப்ளகின் இருந்தது. சதுர அடியைப் போட்டால் கல் எண்ணிக்கை வரும். 12 அடிக்கு 14 அடி அறை என்றால் 168 சதுர அடி. 10 அங்குலக் கல் ஒரு சதுர அடிக்கு 1.44. ஆக 242 கல் என்று அது சொல்லும். பட்டறை மேஸ்திரியிடம் அதே அறையைச் சொன்னேன். அவர் பரப்பளவைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. "அகலத்துக்கு 15 வரிசை, நீளத்துக்கு 17. 255 கல்லு" என்றார். 144 அங்குலத்தை 10 அங்குலக் கல்லால் நிரப்பினால் 14 முழுக் கல்லும் ஒரு துண்டும் வரும். பூ வேலை உள்ள கல்லில் வெட்டிய மிச்சத்தை இன்னொரு ஓரத்தில் வைத்தால் பூ பொருந்தாது. அதனால் ஓரத்துக்கும் முழுக் கல் வேண்டும். அதே அறைக்கு 8 அங்குலக் கல் எடுத்தால் 18 வரிசை, 21 வரிசை, மொத்தம் 378. ஒரு கல்கூட வெட்ட வேண்டாம்.

13 கல் குறைந்தால் என்ன, பிறகு வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் நிரப்பி அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து எடுக்கிறார்கள். கையால் கலக்கும் வண்ணம் என்பதால் அடுத்த தவணையில் செய்த கல்லின் நிறம் லேசாக மாறிவிடும். நடுக்கூடத்தில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதனால் எண்ணிக்கை முதல் தடவையே சரியாக இருந்தாக வேண்டும்.

அந்த ப்ளகினை எடுத்துவிட்டு, நீளம், அகலம், கல் அளவு என்று மூன்றையும் கேட்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். வரிசைக் கணக்குதான். ஒவ்வொரு பக்கத்தையும் கல் அளவால் வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்கிப் பெருக்கினால் போதும். இருபது வரிக்குள் முடிகிற வேலை. இது போனிலேயே ஓடுவதால் எண்ணைத் தட்டியவுடன் விடை வருகிறது. 8 அங்குலத்துக்கும் 10 அங்குலத்துக்கும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். சர்வருக்குப் போய் வர வேண்டியதில்லை. இப்படிப்பட்ட வேலை பிரவுசரில்தான் இருக்க வேண்டும்.

விலை வந்ததும் கதை வேறு. பழைய தளத்தில் பிரவுசர் கணக்குப் போட்ட தொகையை, ஃபார்மில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தில் வைத்து சர்வருக்கு அனுப்பினார்கள். சர்வர் அதை அப்படியே ஆர்டர் தொகையாக எடுத்துக்கொண்டது. குரோமில் டெவலப்பர் கருவியைத் திறக்கத் தெரிந்த எவரும் அந்தத் தொகையை ஒரு ரூபாயாக மாற்றி அனுப்பலாம். கண்ணுக்குத் தெரியாத கட்டம் என்பது பாதுகாப்பே இல்லை. இப்போது பிரவுசர் அனுப்புவது நீளம், அகலம், கல் அளவு, டிசைன் எண் ஆகியவை மட்டும். கல் எண்ணிக்கையை சர்வர் மறுபடியும் கணக்கிடுகிறது. விலையை டேட்டாபேஸிலிருந்து எடுக்கிறது. வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் ப்ளகினான வூகாமர்ஸில், கூடையின் மொத்தத்தைக் கணக்கிடுவதற்குச் சற்று முன்னால் ஓடும் ஹூக் ஒன்று, அதாவது நம் நிரலைச் செருக ஓர் இடம், உண்டு. அந்த இடத்தில் சர்வர் கணக்கிட்ட விலையைப் பொருத்திவிடலாம். போனில் தெரிந்த தொகையும் சர்வர் சொன்ன தொகையும் வேறுபட்டால் சர்வர் சொன்னதுதான் செல்லும். நம் ஊர் வீடுகளில் முகப்பில் உட்கார்ந்து விலை பேசினாலும் கணக்கு ஏடு உள்ளேதானே இருக்கும், அதுபோல.

ஒரே கணக்கை இரண்டு மொழியில் இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருக்கிறதே என்று தயங்குவார்கள். எழுதத்தான் வேண்டும். பிரவுசர் பக்கக் கணக்கு வாடிக்கையாளரின் வசதிக்கு, சர்வர் பக்கக் கணக்கு நம் காசுக்கு. ஃபார்ம் சரிபார்ப்புக்கும் இதே நியாயம்தான். போன் எண் விட்டுப்போனால் உடனே சிவப்பில் காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட் செய்யலாம். ஆனால் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டோ, நேரடியாகவோ ஃபார்மை அனுப்புகிறவர்களும் உண்டு. ஆகையால் உள்ளே வரும் ஒவ்வொன்றையும் சர்வரும் சோதித்தே ஆக வேண்டும்.

சரிபார்ப்பு என்றதும் நம் பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த விஷயத்தில் எனக்கு ஆதங்கம் அதிகம். ஆயத்த ஃபார்ம்களில் பெரும்பாலானவை பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாகக் கேட்கின்றன. இரண்டும் கட்டாயம். செட்டிநாட்டில் பெயருக்கு முன்னால் இரண்டு, மூன்று, சில வீடுகளில் நான்கு இனிஷியல்கள்கூட புள்ளிவைத்து வரும். குடும்பப்பெயர் என்று தனியாக எதுவும் கிடையாது. தேவகோட்டையிலிருந்து ஆர்டர் போட்ட பெரியவர் ஒருவர் இரண்டாவது கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார். ஆர்டரும் நின்றுவிட்டது. வூகாமர்ஸில் இந்தக் கட்டங்களை மாற்றுவதற்கென்றே ஃபில்டர் என்று அதுபோன்ற இன்னோர் இடம் இருக்கிறது. சில வரிகளில் குடும்பப்பெயர் கட்டத்தை எடுத்துவிட்டு, முதல் கட்டத்தை 'பெயர் (இனிஷியலுடன்)' என்று மாற்றிவிடலாம். நான் செய்யும் ஒவ்வொரு கடையிலும் இதைச் செய்துவிடுகிறேன்.

தமிழில் பெயர் எழுதினால் இன்னொரு சங்கடம். சில ப்ளகின்கள் பெயரில் ஆங்கில எழுத்துகளை மட்டுமே அனுமதிக்கும். கொஞ்சம் விவரமாக எழுதப்பட்டவை 'எந்த மொழி எழுத்தும் வரலாம்' என்று யூனிகோடு வகையைப் பயன்படுத்தும். அதிலும் பழனியப்பன் மாட்டிக்கொள்வார். காரணம், யூனிகோடில் 'ப', 'ழ', 'ன' ஆகியவைதான் எழுத்து வகை. இகரக் குறியும் புள்ளியும் 'குறி' என்ற தனி வகையில் இருக்கின்றன. எழுத்தை மட்டும் அனுமதித்தால் 'பெயரில் தவறான குறியீடு உள்ளது' என்று பிழைச் செய்தி வரும். எந்தெந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் ரெஜெக்ஸ் விதியில், எழுத்துக்கான எல் வகையோடு குறிக்கான எம் வகையையும் சேர்த்து, இடைவெளியையும் இனிஷியலுக்குப் பின் வரும் புள்ளியையும் அனுமதித்தால் சரியாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு யு என்ற கொடி (விதியின் கடைசியில் சேர்க்கும் எழுத்து) வேண்டும். பிஹெச்பியிலும் அதே கொடிதான். இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். பிரவுசரில் மட்டும் மாற்றினால் சர்வர் திருப்பி அனுப்பும். காரணம் தெரியாமல் வாடிக்கையாளர் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருப்பார்.

பெயரைப் பற்றிப் பேசும்போதே போன் எண்ணையும் சொல்லிவிடுகிறேன். பலகார ஆச்சிக்கு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும்தான் வாடிக்கை அதிகம். தீபாவளி நெருங்கினால் மாவுருண்டையும் சீப்புச்சீடையும் தேன்குழலும் பெட்டி பெட்டியாகப் போகும். சிங்கப்பூர் எண் எட்டு இலக்கம். '10 இலக்கம் இருக்க வேண்டும்' என்று சரிபார்க்கும் ஃபார்ம் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். மலேசியாவில் அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கம், நமக்கும் சிங்கப்பூருக்கும் ஆறு. முதலில் நாட்டைக் கேட்டு, அதன்படி விதியை மாற்ற வேண்டும். "சிங்கப்பூர்ல இருக்க பேத்தி ஆர்டர் போட முடியலைங்கறா தம்பி, என்னன்னு பாருங்க" என்று ஆச்சி சொன்ன பிறகு நாங்கள் மாற்றிய முதல் விதி இதுதான்.

சர்வர் பக்கத்தில் தமிழ் இன்னும் சில இடங்களில் உடையும். எழுத்துத் தொடரைக் கையாளும் பிஹெச்பியின் பழைய கட்டளைகள் எழுத்தை எண்ணுவதில்லை, கணினியின் சேமிப்பு அலகான பைட்டை எண்ணுகின்றன. தமிழில் ஒவ்வொரு குறியும் (எழுத்தையும் சேர்த்தே சொல்கிறேன்) மூன்று பைட். முன்னோட்டத்துக்காக நூறாவது பைட்டில் வெட்டினால் கடைசி எழுத்து கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக வந்து நிற்கும். பல்பைட் கட்டளைகளைப் பயன்படுத்தினால் அது போய்விடும். அப்போதும் 'கி'யின் கொக்கி அறுந்து 'க' மட்டும் நிற்கக்கூடும். முழு எழுத்தாக வெட்ட பிஹெச்பியில் இன்டல் என்ற நீட்சியின் கிராஃபீம் கட்டளைகள் உண்டு, பிரவுசரில் இன்டல் செக்மென்டர் உண்டு. சொல் எல்லையில் வெட்டிவிடுவது இன்னும் எளிது. நான் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன்.

கண்டாங்கிச் சேலைக் கடைக்காகக் கட்டுரைப் பக்கங்கள் போட்டபோது கவனித்த ஒன்று. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு அதைத் தேடி வருகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் வரலாற்றுக்கென்று ஒரு பக்கம் வைத்தோம். தலைப்பு 'கண்டாங்கி சேலையின் வரலாறு'. வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கிய முகவரி 'கண்டாங்கி-சேலையின்-வரலாற' என்று நின்றது. முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கும் இடம் 200. ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் சதவீதக் குறியோடு மாறும்போது ஒன்பது இடம் பிடிக்கும். ஆக ஏறத்தாழ 22 குறிகளுக்கு மேல் கொள்ளாது. கடைசி உகரக் குறிக்கு இடமில்லை. இதற்கென்று ப்ளகின்கள் இருக்கின்றன. நான் எதையும் போடுவதில்லை. பக்கத்தை வெளியிடும் முன் ஆங்கில எழுத்தில் சுருக்கமான முகவரியைக் கையால் தட்டிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறிகள் வரிசையாக வந்து பயமுறுத்தாது என்பது கூடுதல் லாபம்.

இனி கானாடுகாத்தான் வீடு. இரண்டு தெருவை இணைத்து நீளும் பழைய வீடு, அதில் சில அறைகளை மட்டும் விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் இடமே கிடைக்காது. ப்ளகின்கள் ஒன்றோடொன்று மோதும்போது என்ன ஆகும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தத் தளம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்னிடம் வரும்போது தளத்தில் ஒரு முன்பதிவு ப்ளகினும் ஒரு கேஷ் ப்ளகினும் இருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நன்றாக எழுதப்பட்டவை. கேஷ் ப்ளகின் என்ன செய்கிறது? வேர்ட்பிரஸ் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைக் கேட்டுப் பக்கத்தைக் கட்டுவதற்குப் பதிலாக, ஒருமுறை கட்டிய பக்கத்தைக் கோப்பாக வைத்துக்கொண்டு அதையே எல்லாருக்கும் கொடுக்கிறது. வேகத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் அறைகள் காலியாக இருக்கும் விவரமும் அந்தக் கோப்பிலேயே உறைந்துவிடும். காலையில் நிரம்பிய அறை மாலை வரை காலி என்றே காட்டும்.

இன்னொரு சிக்கல் அதைவிட நுட்பமானது. ஃபார்ம் நம் தளத்திலிருந்துதான் வருகிறது என்று உறுதிப்படுத்த வேர்ட்பிரஸ் அதில் ஒரு தற்காலிகச் சாவியை வைக்கும். நான்ஸ் என்பார்கள். அதன் ஆயுள் அதிகபட்சம் 24 மணி நேரம், சில சமயம் 12 மணி நேரத்திலேயே முடிந்துவிடும். கேஷில் பக்கம் ஒரு வாரம் தங்கினால், காலாவதியான சாவியும் அதனோடு தங்கும். விருந்தினர் எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினால் 'அனுமதி இல்லை' என்று வரும். வீட்டுக்காரர் தன் கணினியில் சோதித்தால் சரியாகவே வேலை செய்யும், ஏனென்றால் லாகின் செய்திருப்பவருக்குக் கேஷ் பக்கம் போவதில்லை. 'எனக்கு நல்லாத்தானே வருது' என்று அவர் சொல்வதும் உண்மை, விருந்தினர் புகார் சொல்வதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளும் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது கேஷைத்தான். சோதிக்கும்போது எப்போதும் லாகின் இல்லாத தனிச் சாளரத்தில் சோதியுங்கள்.

கேஷை அணைத்துவிடுவது தீர்வாகாது. பெரிய பெரிய படங்கள் உள்ள தளம், அணைத்தால் தவழும். வேலையைப் பிரித்தோம். வீட்டைப் பற்றிய விவரம், படங்கள், உணவு, வழி ஆகியவை எல்லாருக்கும் ஒன்றுதான், அவை கேஷில் இருக்கட்டும். அறை காலியா என்பதையும் சாவியையும், பக்கம் திறந்த பிறகு ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் ரெஸ்ட் ஏபிஐ வழியாக, அதாவது முழுப் பக்கம் இல்லாமல் விவரத்தை மட்டும் கேட்கும் வழியில், சர்வரிடம் அந்த நொடியில் கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்த ஏபிஐ முகவரியை மட்டும் கேஷிலிருந்து விலக்கிவைத்தோம். போனும் சர்வரும் தங்கள் தங்கள் வேலையைச் செய்வது என்றால் இதுதான்.

அப்படிக் கேட்டு வாங்கினாலும், இரண்டு பேர் ஒரே அறையை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கலாம். இருவர் திரையிலும் காலி என்றே இருக்கும். அதனால் பணம் செலுத்தும் கட்டத்துக்குப் போகும் முன் சர்வர் மறுபடி பார்த்து, அந்தத் தேதிகளைச் சில நிமிடங்களுக்குப் பூட்டிவைக்க வேண்டும். பார்ப்பதையும் பூட்டுவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக, டேட்டாபேஸ் பரிவர்த்தனைக்குள் செய்தால்தான் இருவரில் ஒருவருக்கு மட்டும் கிடைக்கும். முன்பதிவு ப்ளகின் தேர்ந்தெடுக்கும்போது நாள்காட்டி எவ்வளவு அழகு என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தப் பூட்டு அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேதியில் ஒரு பொறி உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் 24ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்து, அதை உலக நேரத்துக்கு மாற்றி அனுப்பும் நாள்காட்டிகள் பல. இந்தியாவில் 24ஆம் தேதி நள்ளிரவு என்பது உலக நேரத்தில் 23ஆம் தேதி மாலை 6.30. சர்வருக்குப் போய்ச் சேருவது 23. தங்கும் தேதி என்பது கானாடுகாத்தானின் தேதி. லண்டனிலிருந்து பதிவு செய்தாலும் அது மாறக்கூடாது. ஆண்டு, மாதம், நாள் என்று வெறும் எழுத்தாகவே அனுப்ப வேண்டும், நேர மாற்றமே வேண்டாம். பிரவுசரிலேயே இருக்கும் தேதிக் கட்டம் இதைச் சரியாகத்தான் செய்கிறது, அதற்கென்று தனி ப்ளகின் தேவையில்லை. வேர்ட்பிரஸ் அமைப்பில் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று மாற்றவும் மறக்காதீர்கள்.

பணம் வாங்குவதிலும் போனை நம்ப முடியாது. யுபிஐயில் பணம் செலுத்த விருந்தினர் வேறு செயலிக்குப் போகிறார். திரும்பி வருவதற்குள் விலை குறைந்த போன்களில் பிரவுசர் நினைவிலிருந்து இறங்கியிருக்கும், அல்லது சிக்னல் போயிருக்கும். 'பணம் வந்துவிட்டது' என்ற செய்தியைப் பிரவுசர் சர்வருக்குச் சொல்லவே சொல்லாது. காசு வங்கியில் ஏறியிருக்கும், பதிவு இருக்காது. இதற்காகத்தான் வெப்ஹூக் இருக்கிறது. பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் சர்வர் நம் சர்வரிடம் நேரடியாகச் சொல்லும் வழி அது. ரேசர்பே போன்றவை அந்தச் செய்தியோடு கையொப்பம் ஒன்றையும் அனுப்புகின்றன. நம்மிடம் உள்ள ரகசியச் சாவியால் அதைச் சரிபார்த்த பிறகே ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். ப்ளகினை நிறுவிவிட்டு வெப்ஹூக்கை அமைக்காமல் விட்ட தளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தொகை பைசாவில் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த வீட்டின் வளவையும் (உள் முற்றம்) தூண்களையும் சுற்றிப் பார்க்கும்படி 360 பாகைப் படம் வைக்க வேண்டும் என்பது வீட்டுக்காரரின் ஆசை. நல்ல ஆசைதான். பர்மாத் தேக்குத் தூணையும் முகப்பின் உயரத்தையும் சாதாரணப் படம் சொல்லிவிடாது. பேனெல்லம் என்ற திறமூல ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இதை அருமையாகச் செய்கிறது. ஆனால் பக்கம் திறந்தவுடனே அதை ஓடவிடக்கூடாது. முதலில் ஒரு சாதாரணப் படம், அதன் மேல் 'சுற்றிப் பார்க்க' என்ற பட்டன். அழுத்தினால்தான் நூலகமும் பெரிய படமும் இறங்கும். வழி காட்டும் வரைபடமும் அப்படித்தான். மற்ற படங்களுக்குத் தனி ப்ளகின் இல்லாமலே இப்போது நிறைய நடக்கிறது. திரைக்கு வரும்போது மட்டும் படத்தை இறக்கும் வசதி 2020இல் 5.5 பதிப்பிலிருந்தும், கோப்பு அளவு குறைந்த வெப்பி வகைப் படங்களை ஏற்றும் வசதி 2021இல் 5.8 பதிப்பிலிருந்தும் வேர்ட்பிரஸிலேயே உள்ளது. பழைய தளங்களில் இதற்கென்று நிறுவிய ப்ளகின்கள் இன்னும் உட்கார்ந்திருக்கும், எடுத்துவிடலாம்.

வேகத்தை அளக்க கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்கள் மூன்று. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லி வினாடிக்குள் பதில் வர வேண்டும், பக்கத்தில் இருப்பவை குதிக்கும் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். இரண்டாவதைக் கெடுப்பது பெரும்பாலும் பிரவுசர் பக்க ப்ளகின்கள்தான். அரட்டைப் பெட்டி, பகிர்வு பட்டன், ஸ்லைடர், பாப்-அப் என்று ஒவ்வொன்றும் தன் ஸ்கிரிப்டை எல்லாப் பக்கத்திலும் இறக்கும். வாட்ஸ்அப் பட்டனுக்கு ப்ளகினே வேண்டாம், எண்ணோடு கூடிய ஒரு சாதாரண இணைப்பு போதும். சர்வர் பக்கத்தில் எந்த ப்ளகின் டேட்டாபேஸை அதிகம் தொந்தரவு செய்கிறது என்று பார்க்க குவெரி மானிட்டர் என்ற ப்ளகின் உதவும். வேலை முடிந்ததும் அதையும் அணைத்துவிடுவேன்.

அப்டேட் பற்றியும் கொஞ்சம். 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5, ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் பழைய எழுத்துமுறைக்குத் துணையாக இருந்த மைக்ரேட் ஸ்கிரிப்டை நிறுத்தியது. பழைய தீம்களிலும் ப்ளகின்களிலும் மெனு திறக்காமல், ஸ்லைடர் நகராமல் போயின. பிறகு பிஹெச்பி 8 வந்தபோது, நீக்கப்பட்ட கட்டளைகளை நம்பியிருந்த ப்ளகின்கள் வெள்ளைத் திரை காட்டின. முதலாவது பிரவுசர் பக்க உடைசல், இரண்டாவது சர்வர் பக்க உடைசல். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது எளிது: பக்கம் வந்து ஏதோ ஒன்று மட்டும் அசையவில்லை என்றால் ஸ்கிரிப்ட் பிழைகளைக் காட்டும் பிரவுசர் கன்சோலைத் திறங்கள், பக்கமே வரவில்லை என்றால் சர்வரின் பிழைப் பதிவேட்டைத் திறங்கள். இதற்குப் பயந்து அப்டேட் செய்யாமல் விடுவது இன்னும் ஆபத்து. 2020 செப்டம்பரில், 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த ஒரு கோப்பு மேலாண்மை ப்ளகினில் லாகின் இல்லாமலேயே யாரும் கோப்பை ஏற்றி ஓடவிட முடிந்தது. பயன்படுத்தாத ப்ளகினை அணைத்துவைப்பது போதாது. அதன் கோப்புகள் சர்வரிலேயே இருக்கும். நீக்கிவிட வேண்டும்.

ஆச்சியின் தளத்தில் மின்னஞ்சல் ஒரு தனித் தொல்லையாக இருந்தது. ஆர்டர் மின்னஞ்சல்கள் ஸ்பேமுக்குப் போயின. பிஹெச்பி நேரடியாக அனுப்பும் அஞ்சலை இப்போது யாரும் நம்புவதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநர் சரிபார்ப்பை இன்னும் இறுக்கிவிட்டன. முறையான அஞ்சல் சர்வர் வழியே அனுப்பும் எஸ்எம்டிபி ப்ளகின் ஒன்றை வைத்து, அஞ்சல் உண்மையில் நம்முடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் டொமைன் அமைப்பில் சேர்த்த பிறகு சரியானது.

புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகள் ப்ளகின் தேர்வு பற்றிக் கேட்டால், முதலில் அதன் கோப்புறையைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். எத்தனை ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள், அவை எல்லாப் பக்கத்திலும் இறங்குகின்றனவா, டேட்டாபேஸில் புதிய அட்டவணை போடுகிறதா, கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பிறகு தளத்தின் பிரதி ஒன்றில் நிறுவி, நம்மிடம் இருக்கும் விலை குறைந்த போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பார்க்க வேண்டும். அலுவலகத்து வைஃபையில் எல்லாத் தளமும் வேகமாகத்தான் இருக்கும்.

அப்டேட்களையும் அந்தப் பிரதியில்தான் முதலில் போடுகிறேன். போட்டபின் லாகின் இல்லாத சாளரத்தில் மூன்றைச் செய்து பார்ப்பேன். 12க்கு 14 அறைக்கு 10 அங்குலக் கல் கேட்டு 255 வருகிறதா, டிசம்பர் 24க்கு அறை போட்டால் சர்வரில் 24 என்றே பதிவாகிறதா, இனிஷியலோடு தமிழில் பெயர் எழுதி சிங்கப்பூர் எண்ணுக்கு ஆர்டர் போகிறதா. மூன்றும் சரியென்றால்தான் உண்மைத் தளத்தில் கைவைக்கிறேன்.